மழையின் ரகசியம் தேடிய பூமராங் வாக்கர்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன பேச்சு நடக்கும்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வசிப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். நாளைக்கு மழை வருமா? பள்ளிக்கூடம் லீவு விடுவார்களா? செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? தெருவில் தண்ணீர் ஏறுமா? காலையில் எழுந்தால் இதே கேள்விகள்தான்!

வீட்டில் வயதான பாட்டி இருந்தால் வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார். தட்டான் தாழப் பறக்கிறது, எறும்பு முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டைத் தேடிப் போகிறது, ஆகவே மழை வரும் என்பார். பல சமயம் வந்தும் விடும். பாட்டிக்கு அது எப்படித் தெரிந்தது? அறுபது, எழுபது ஆண்டுகளாக அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இது நடந்தால் அடுத்து அது நடக்கும் என்று அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இன்று கம்ப்யூட்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான் கற்கிறது. பல ஆண்டுகளின் மழை, காற்று, வெப்பம், கடல் பற்றிய கணக்குகளை அதற்குள் கொட்டுகிறார்கள். எது வந்த பிறகு எது வந்தது என்று அது தானே தேடிக் கண்டுபிடிக்கிறது. இதற்கு இயந்திரக் கற்றல் என்று பெயர். மெஷின் லேர்னிங் என்று அண்ணன், அக்கா பேசக் கேட்டிருப்பீர்கள். புயல், வெள்ளம், வறட்சி ஆகியவற்றை முன்கூட்டியே சொல்ல இந்த முறை இப்போது பயன்படுகிறது.

ஆனால், இன்றைய கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்திலேயே, காகிதத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு இதே மாதிரியான வேலையை ஒருவர் நம் நாட்டில் செய்து பார்த்தார். அவர்தான் சர் கில்பர்ட் வாக்கர். அவருடைய கதையை இன்று தெரிந்துகொள்வோமா?

பம்பரமும் பூமராங்கும்

கில்பர்ட் வாக்கர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஒரு பொறியாளர். லண்டனில் உள்ள செயின்ட் பால்ஸ் பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் படித்தார். கணக்கு என்றால் அவருக்குக் கற்கண்டு! பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே 1889இல் கணிதத் தேர்வில் எல்லோரையும் முந்தி முதலிடம் பிடித்தார். அந்த முதலிடத்துக்கு சீனியர் ராங்லர் என்று பெயர். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய கௌரவம்.

அளவுக்கு மீறிய உழைப்பால் அவருடைய உடல்நலம் கெட்டது. ஓய்வுக்காகக் குளிர்காலங்களில் சுவிட்சர்லாந்து நாட்டுக்குப் போனார். அங்கே பனிக்கட்டி மீது ஸ்கேட்டிங் செய்வதில் பைத்தியமாகிவிட்டார்!

அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. பூமராங் தெரியுமா? ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பயன்படுத்தும் வளைந்த மரத்துண்டு. சரியாக வீசினால் வானில் வட்டமடித்து வீசியவரிடமே திரும்பி வரும். கேம்பிரிட்ஜின் புல்வெளிகளில் வாக்கர் அதை வீசி வீசிப் பழகினார். நண்பர்கள் அவருக்குப் பூமராங் வாக்கர் என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவர் விளையாடியதோடு நிற்கவில்லை. அது ஏன் திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டு 1897இல் ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டார். சுழலும் பம்பரங்களைப் பற்றியும் ஆராய்ந்தார்.

பம்பரத்தையும் பூமராங்கையும் ஆராய்ந்தவருக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? அதைப் புரிந்துகொள்ள, அவர் சிறுவனாக இருந்தபோது நம் ஊரில் நடந்த ஒரு துயரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாது வருடப் பஞ்சம்

1876ஆம் ஆண்டு. தமிழ்க் கணக்கில் அது தாது வருடம். பருவமழை பொய்த்தது. ஏரி, குளங்கள் வறண்டன. அடுத்த ஆண்டும் மழை ஏமாற்றியது. சென்னை மாகாணம் முழுவதும் மக்கள் கஞ்சிக்கும் வழியின்றித் தவித்தார்கள். கிராமங்களை விட்டுக் கூட்டம் கூட்டமாகச் சென்னை நோக்கி நடந்தார்கள். பட்டினியிலும் நோயிலும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.

மழை பொய்க்கப்போகிறது என்று சில மாதங்கள் முன்னதாகத் தெரிந்திருந்தால்? தானியத்தைச் சேமித்திருக்கலாம், வெளியிலிருந்து வரவழைத்திருக்கலாம். தெரிந்தால் மட்டும் போதாது, ஆட்சி செய்பவர்களுக்கு மனமும் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும் அல்லவா?

1875இல்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டிருந்தது. அதன் தலைவராக இருந்த ஹென்றி பிளான்ஃபோர்டிடம், மழையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அரசு கேட்டது. அவர் பழைய கணக்குகளைப் புரட்டினார். இமயமலையில் பனி அதிகமாக விழுந்த ஆண்டுகளில் பருவமழை குறைவாக இருப்பதைக் கவனித்தார். அதை வைத்து 1886 முதல் பருவமழை முன்னறிவிப்பு வழக்கமாக வெளியானது.

அடுத்து வந்தவர் ஜான் எலியட். அவர் இன்னும் பல தடயங்களைச் சேர்த்து நீண்ட அறிக்கைகள் எழுதினார். 1899இல் மழை நன்றாக இருக்கும் என்று அறிவித்தார். நடந்ததோ நேர்மாறு! கடும் வறட்சி வந்தது. மீண்டும் ஒரு பெரும் பஞ்சம். முன்னறிவிப்பின்மீது மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது.

பாருங்கள் பிள்ளைகளே, தவறான முன்னறிவிப்பு எவ்வளவு ஆபத்தானது! மழை வரும் என்று நம்பி இருந்த விதைநெல்லை எல்லாம் விதைத்த விவசாயியின் நிலை என்ன ஆகும்?

வானிலை படிக்காத தலைவர்

எலியட் ஓய்வு பெறும் நேரம் வந்தது. தமக்குப் பிறகு நல்ல கணித அறிவு உள்ள ஒருவர் வர வேண்டும் என்று அவர் விரும்பினார். அப்படித்தான் வாக்கர் இந்தியாவுக்கு வந்தார். 1904ஆம் ஆண்டு தொடக்கத்தில், இந்தியா முழுவதும் உள்ள வானிலை ஆய்வு நிலையங்களுக்குத் தலைமை இயக்குநர் ஆனார். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அப்போது அவருக்கு வயது 35. வானிலையில் முன் அனுபவம் எதுவும் கிடையாது!

சிம்லாவில் இருந்த தலைமை அலுவலகத்தில் அமர்ந்து அவர் யோசித்தார். பூமராங் பறப்பதைச் சமன்பாடு எழுதிக் கணக்கிடலாம். ஆனால் வானம் அப்படி அல்ல. மலை, கடல், காற்று, வெயில் என்று ஆயிரம் விஷயங்கள் அதில் கலந்து கிடக்கின்றன. காரணத்தை முழுவதும் கண்டுபிடித்த பிறகுதான் மழையைக் கணிக்க வேண்டும் என்றால் இன்னும் பல தலைமுறை காத்திருக்க வேண்டும். எனவே வேறு வழியில் போகலாம் என்று முடிவு செய்தார். பழைய பதிவேடுகளையே பேச வைக்க வேண்டும்!

நல்லவேளையாகப் பதிவேடுகள் இருந்தன. உதாரணமாக, நம் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இலேயே வானாய்வு நிலையம் அமைந்துவிட்டது. சென்னையின் மழைக்கணக்கு 1813 முதல் இருக்கிறது. யாரோ ஒருவர் நாள் தவறாமல் மழைமானியைப் பார்த்து எண்ணை எழுதி வைத்திருக்கிறார். அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் எழுதாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

மனிதக் கம்ப்யூட்டர்கள்

இரண்டு விஷயங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து மாறுகின்றனவா என்று பார்க்கக் கணிதத்தில் ஒரு வழி உண்டு. அதற்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், விஷயம் எளிதுதான்.

வெயில் ஏற ஏற ஐஸ் விற்பனை ஏறும். இரண்டும் ஒரே திசையில் போகின்றன. முழுக்க முழுக்கச் சேர்ந்து போனால் அதற்கு +1 மதிப்பெண். வெயில் ஏற ஏறக் கம்பளி விற்பனை இறங்கும். எதிர்த் திசை. முழுக்க எதிராகப் போனால் -1. உங்கள் பெயரில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கைக்கும் மழைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்கு 0.

இந்த மதிப்பெண்ணை உலகத்தின் பல ஊர்களுக்கும், பல மாதங்களுக்கும், பல ஆண்டுகளுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை கூட்டல், எத்தனை பெருக்கல்! வாக்கரின் அலுவலகத்தில் இருந்த இந்திய எழுத்தர்கள் நாள் முழுவதும் அமர்ந்து இந்தக் கணக்குகளைப் போட்டார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல் அந்தக் காலத்தில் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்குப் போடும் மனிதரைத்தான் குறித்தது! அவர்களில் ஹேம்ராஜ் என்ற இந்திய உதவியாளர் வாக்கருக்குப் பெரும் துணையாக இருந்தார்.

ஆயிரக்கணக்கான எண்களிலிருந்து சில தடயங்கள் வெளியே வந்தன. இமயமலையில் மே மாத இறுதியில் கிடக்கும் பனி, மொரிஷியஸ் தீவின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், ஆப்பிரிக்கா அருகே உள்ள சான்சிபார் தீவின் மழை. இவற்றைச் சேர்த்து வாக்கர் ஒரு சூத்திரம் அமைத்தார். 1909 முதல் அத்தகைய சூத்திரங்களின் துணையோடு பருவமழை கணிக்கப்பட்டது. ஒருவருடைய ஊகத்தை நம்பாமல், எண்களைப் போட்டால் விடை வரும் முறை அது. இன்றைய இயந்திரக் கற்றலுக்குத் தாத்தா என்று அதைச் சொல்லலாம்!

முப்பது ரூபாய் குமாஸ்தா

இந்த இடத்தில் சென்னையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். 1913 பிப்ரவரியில் வாக்கர் சென்னைக்கு வந்தார். சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளம் வாங்கிய ஓர் இளம் குமாஸ்தாவின் கணக்கு நோட்டை அவரிடம் காட்டினார். அந்தக் குமாஸ்தா யார் தெரியுமா? நம் சீனிவாச ராமானுஜன்தான்!

நோட்டைப் பார்த்த வாக்கர் வியந்துபோனார். அந்த வகைக் கணிதம் தம்முடைய துறை அல்ல என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். இருந்தாலும் அதில் உள்ள புதுமை அவருக்குப் புரிந்தது. உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இந்த இளைஞர் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபட உதவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. வேறு பல நல்லவர்களும் இதற்காகப் பாடுபட்டார்கள் என்பது உண்மை. அடுத்த ஆண்டே ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனார். சேர்ந்த கல்லூரி எது? வாக்கர் படித்த அதே டிரினிட்டி!

தமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொல்லும் குணம் வாக்கரிடம் இருந்தது. மழை விஷயத்திலும் அந்தக் குணம்தான் அவரை உயர்த்தியது. எப்படி என்று பாருங்கள்.

பூவா, தலையா?

உங்கள் வகுப்பில் 32 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாணயத்தை ஐந்து முறை சுண்டச் சொல்லுங்கள். ஐந்து முறையும் தலை விழுந்தவர் யாராவது ஒருவர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவருடைய கையில் ஏதாவது மந்திரமா இருக்கிறது? இல்லை. அத்தனை பேர் சுண்டினால் யாருக்காவது அப்படி விழத்தான் செய்யும். ஆறாவது முறை அவருக்கும் பூ விழலாம்.

மழைத் தடயங்களிலும் இதே ஆபத்து உண்டு. நூற்றுக்கணக்கான ஊர்களின் கணக்கை மழையோடு ஒப்பிட்டால் ஏதாவது ஓர் ஊர் தற்செயலாகப் பொருந்திப் போகும். அதைத் தடயம் என்று நம்பினால் அடுத்த ஆண்டு ஏமாந்துபோவோம். வாக்கர் 1914இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். எத்தனை இடங்களில் தேடினோம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று காட்டினார்.

இன்றைய கம்ப்யூட்டருக்கும் இதே நோய் வருகிறது. பழைய கேள்வித்தாளின் விடைகளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவனை நினைத்துப் பாருங்கள். பழைய கேள்வி வந்தால் நூற்றுக்கு நூறு! புதிய கேள்வி வந்தால் முழி பிதுங்கும். கம்ப்யூட்டரும் பழைய ஆண்டுகளின் கணக்கை அப்படியே மனப்பாடம் செய்துவிடக் கூடும். அதனால் விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்கள்? சில ஆண்டுகளின் கணக்கை அதற்குக் காட்டாமல் ஒளித்து வைக்கிறார்கள். கற்று முடித்த பிறகு அந்த ஆண்டுகளைக் கொடுத்துப் பரீட்சை வைக்கிறார்கள். அதில் தேறினால்தான் நம்பலாம்.

கடல் மேல் ஒரு சீசா பலகை

வாக்கர் 20 ஆண்டுகள் இந்தியாவில் உழைத்தார். ஓய்வு நேரத்தில் சிம்லாவில் பூமராங் வீசுவதையும் விடவில்லை. பருந்தும் கழுகும் இறக்கையை அடிக்காமல் வானில் எப்படி மிதக்கின்றன என்று ஆராய்ந்தார். புல்லாங்குழலைப் பற்றியும் ஆராய்ச்சி செய்தார்.

உலகம் முழுவதிலும் இருந்து வந்த காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டபோது அவருக்கு ஓர் அதிசயம் தெரிந்தது. பூங்காவில் சீசா பலகை பார்த்திருப்பீர்கள். ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கும். அதுபோலப் பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறினால், ஆஸ்திரேலியா மற்றும் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. சில ஆண்டுகளில் நேர்மாறாக நடக்கிறது. பல்லாயிரம் மைல் நீளமுள்ள ஒரு சீசா பலகை! இதற்குத் தென் அலைவு என்று 1924இல் வெளியான கட்டுரையில் பெயரிட்டார். நம் நாட்டின் பருவமழையும் அந்தப் பலகையோடு சேர்ந்து ஆடுவதைக் கண்டார்.

அப்படியானால் அவருடைய முன்னறிவிப்பு வெற்றி பெற்றதா? உண்மையைச் சொன்னால், அவர் விரும்பிய அளவுக்கு இல்லை. மழைக்கு முன்னால் வரும் தடயங்களைத் தேடினார். கிடைத்த உறவுகளில் பலவும் மழைக்காலத்துக்குப் பிறகு நடப்பவற்றோடுதான் வலுவாக இருந்தன. இமயமலைப் பனித் தடயம் காலப்போக்கில் வலுவிழந்தது. இந்தத் தென் அலைவு ஏன் நடக்கிறது என்றும் அவரால் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத உறவை எப்படி நம்புவது என்று பலர் சந்தேகப்பட்டார்கள்.

வாக்கர் தம் முடிவுகளைப் பூசி மெழுகவில்லை. பலிக்காத தடயங்களைப் பிடித்துத் தொங்கவும் இல்லை. எண்கள் சொன்னதை அப்படியே எழுதி வைத்தார். 1924இல் ஓய்வு பெற்று, சர் பட்டத்துடன் இங்கிலாந்து திரும்பினார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை வானிலைப் பேராசிரியராக இருந்தார். 1958ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி, தமது 90ஆம் வயதில் காலமானார்.

பதினொரு ஆண்டுகள் கழித்து

அவர் மறைந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 1969இல், ஜேக்கப் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி விடையைக் கண்டுபிடித்தார். தென் அமெரிக்காவின் பெரு நாட்டு மீனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் வழக்கத்தை விடச் சூடாகிவிடும், மீன் கிடைக்காது. அதற்கு எல் நினோ என்று பெயர். அந்தக் கடல் சூடும், வாக்கரின் காற்றுச் சீசாவும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள் என்று பியர்க்னெஸ் காட்டினார். பசிபிக் கடலுக்கு மேலே கிழக்கு மேற்காகச் சுழலும் காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர் வைத்தார்.

இன்னொன்று கேளுங்கள். 1877இல் பசிபிக் கடலில் மிகப் பலமான எல் நினோ இருந்தது என்று பிற்கால ஆராய்ச்சிகள் சொல்கின்றன. தாது வருடத்தில் தொடங்கிய பஞ்சத்தை நீட்டித்த வறட்சிக்குப் பின்னால் அதுவும் இருந்தது! சிறுவன் வாக்கர் இங்கிலாந்தில் இருந்தபோது நம் மக்களை வாட்டிய வறட்சியின் வேரைத்தான், அவர் பெரியவனாகி எண்களுக்குள் தேடியிருக்கிறார்.

இன்றைய வாக்கர்கள்

இப்போது அந்த மனிதக் கம்ப்யூட்டர்களின் இடத்தில் நிஜக் கம்ப்யூட்டர்கள். 2019இல் தென் கொரியாவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இயந்திரக் கற்றல் மூலம் எல் நினோவை ஒன்றரை ஆண்டு முன்னதாகவே கணிக்கலாம் என்று காட்டினார்கள். 1973 வரையிலான கடல் கணக்குகளைக் கொண்டு கம்ப்யூட்டருக்குக் கற்பித்தார்கள். 1984 முதல் 2017 வரையிலான ஆண்டுகளைக் காட்டாமல் வைத்திருந்து பரீட்சை வைத்தார்கள். வாக்கர் கேட்டுக்கொண்ட அந்தக் கண்டிப்பு இதுதானே!

நம் நாட்டிலும் 2025இல், பருவமழை எப்போது தொடங்கும் என்று செயற்கை நுண்ணறிவு மூலம் கணித்து, சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்கு மத்திய வேளாண் துறை செல்போன் வழியாகத் தகவல் அனுப்பியது. விதைக்கலாமா, பொறுக்கலாமா என்று முடிவு செய்ய அது உதவும் அல்லவா?

அப்படியானால் இனி வெள்ளமே நம்மை ஏமாற்றாதா? அவசரப்படாதீர்கள்! 2015ஆம் ஆண்டை உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அது பலமான எல் நினோ ஆண்டு. நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. ஆனால் எல் நினோ ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் தாராளமாக இருக்கும். அந்த ஆண்டு தாராளம் என்ற சொல்லே போதவில்லை! டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் சுமார் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரியிலிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. சென்னை மூழ்கியது. பல உயிர்கள் போயின.

மழைக்காலம் பலமாக இருக்கும் என்று எல் நினோவை வைத்துச் சொல்லலாம். எந்த நாளில், எந்த ஏரிக்கு மேல் கொட்டும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதுமட்டுமல்ல, அப்படிப்பட்ட பேய்மழை எப்போதோ ஒரு முறைதான் வருகிறது. பழைய பதிவேடுகளில் உதாரணங்கள் குறைவு. உதாரணம் குறைவாக இருந்தால் கம்ப்யூட்டர் எதைப் பார்த்துக் கற்கும்? முன்பு வயலாக இருந்த இடத்தில் இன்று வீடுகள் எழுந்திருந்தால், தண்ணீர் ஓடும் பாதையும் மாறிவிடும். பழைய கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது.

1997ஆம் ஆண்டிலும் மிகப் பலமான எல் நினோ வந்தது. நாடே வறட்சியை எதிர்பார்த்துப் பயந்தது. ஆனால் பருவமழை சராசரிக்குச் சற்று மேலேயே பெய்துவிட்டது! ஆகவே எவ்வளவு பெரிய கம்ப்யூட்டராக இருந்தாலும் அது சொல்வது வாய்ப்பைத்தான், வாக்கு அல்ல. இவ்வளவு உறுதி, இவ்வளவு சந்தேகம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான முன்னறிவிப்பு.

நீங்களும் செய்யலாமே!

ஒரு நேரான பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் துணையோடு அதன் மேல்பகுதியை வெட்டி, புனல் போலத் தலைகீழாகப் பொருத்துங்கள். அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே கூழாங்கற்களைப் போட்டு, சமமான பகுதி வரை தண்ணீர் ஊற்றி, அதைப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டுங்கள். மொட்டை மாடியிலோ, மரமும் சுவரும் மறைக்காத திறந்த இடத்திலோ, காற்றில் சாயாதபடி வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்குப் பாருங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. எழுதி முடித்ததும் தண்ணீரைப் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, மழையளவு இரண்டையும் எழுதுங்கள். மூன்றாவதாக இன்னொரு கட்டம் போடுங்கள். நாளை மழை வருமா, வராதா என்று உங்கள் கணிப்பை முதல் நாளே அதில் எழுதிவிடுங்கள். மறுநாள் சரியா, தவறா என்று குறியுங்கள். ஆவடியில் இருக்கும் நண்பரும் பூந்தமல்லியில் இருக்கும் நண்பரும் இதே போல எழுதினால், ஒரே நாளில் இரண்டு ஊர்களிலும் எவ்வளவு வித்தியாசமாக மழை பெய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரே ஒரு விதிதான் உண்டு. தவறாகப் போன கணிப்பை ரப்பரால் அழிக்கக் கூடாது! சரியானவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் நோட்டு அழகாக இருக்கும், ஆனால் அதிலிருந்து நீங்களும் எதுவும் கற்க முடியாது, கம்ப்யூட்டரும் எதுவும் கற்க முடியாது. வாக்கரும், சிம்லாவில் அவருக்காகக் கணக்குப் போட்டவர்களும், நுங்கம்பாக்கத்தில் நாள்தோறும் மழையை அளந்தவர்களும் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். அதனால்தான் நூறு ஆண்டுகள் கழித்தும் அந்த எண்கள் நமக்குப் பயன்படுகின்றன.

அடுத்த மழைக்கு முன் நோட்டைத் தயார் செய்துவிடுவீர்கள்தானே?